தூரிகைக்கும் சாதியா?

"கட்டடம் ஒன்று வரையுங்கள்" என்று வகுப்பில் கூறினோம். ஓவிய ஆசிரியர் விடுப்பில் இருந்த நாள் அது. திருப்பூரில், பனியன் தொழிலாளர் குடியிருக்கும் பகுதியில் அமைந்த பள்ளி. நாற்பது பிள்ளைகள், நாற்பது தாள்கள். அவற்றுள் முப்பத்து நான்கில் கோபுரம்! மூன்றில் திரைப்படத்தில் காணும் மாடி வீடு. இரண்டில் தாஜ்மகால். எஞ்சிய ஒன்று வெற்றுத் தாள்.

வெற்றுத் தாளுக்கு உரிய மாணவியை அழைத்தோம். "ஏனம்மா, உன் வீட்டையாவது வரைந்திருக்கலாமே?" என்றோம். தலை நிமிராமல் அவள் சொன்னாள்: "எங்க ஊட்டுல வரையறதுக்கு என்னங்க சார் இருக்குது?"

தோழர்களே, அந்தச் சிறுமி லைன் வீட்டில் பிறந்தவள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள், பன்னிரண்டு குடும்பங்கள், வாயிலில் ஒரு குழாய். அவள் தாய் ஓவர்லாக் எந்திரத்தில் அமர்ந்து தைத்த ஆடை கடல் கடந்து செல்கிறது. ஆனால் அத்தாய் குடியிருக்கும் வீடு மகளின் தாளில் கூட ஏறத் தகுதியற்றது! இது அவள் பிழையா? கோபுரம் எழில், குடிசை இழிவு என்று அவளுக்கு எவர் கற்பித்தார்? எழிலிலும் ஏற்றத்தாழ்வு வகுத்தவர் எவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புறப்பட்ட நாம், சீனம் வரை செல்ல நேர்ந்தது.

★

சீனத்தில் நம் நாட்டைப் போலப் பிறப்பால் வகுத்த சாதி இல்லை. ஆனால் எழுதுகோல் பிடித்த கைக்கும் உளி பிடித்த கைக்கும் இடையே அங்கும் ஒரு மதில் எழுந்தது. அரசுத் தேர்வெழுதிப் பதவி பெற்ற புலவர்கள், ஓய்வு நேரத்தில் மையும் தூரிகையும் கொண்டு மலை, மூங்கில், பாறை ஆகியவற்றைத் தீட்டினர். கவிதை, கையெழுத்து, ஓவியம் மூன்றும் ஒரே தூரிகையின் மக்கள் என்றனர். அது உயர்ந்த கருத்தே, மறுக்கவில்லை. கருமை ஒன்றிலேயே பல வண்ணங்களைக் காணும் கண் அவர்களுடையது. தாளில் தீண்டாது விட்ட வெண்மையையே பனியாகவும் நீராகவும் பேச வைத்தவர்கள் அவர்கள். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ ஷி போன்ற பெரும் புலவர்கள், உருவ ஒப்புமையினும் உள்ளக் கிளர்ச்சியே ஓவியத்தின் உயிர் என்று நிலைநாட்டினர்.

ஆனால், அந்த மரபு எதை ஒதுக்கியது என்பதையும் பார்க்க வேண்டும் அன்றோ! கட்டடங்களை அளவுகோல் வைத்து வரையும் கலை ஒன்று சீனத்தில் செழித்திருந்தது. 'ஜியேஹுவா' என்பது அதன் பெயர். தூண், உத்திரம், ஓடு, பாலம் எல்லாம் அளவு பிசகாமல் அதில் இடம்பெறும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜாங் சேதுவான் தீட்டிய ஆற்றங்கரை நகரச் சுருளில், வளைந்த மரப் பாலமும் கடைத்தெருவும் படகோட்டிகளும் இன்றும் உயிரோடு நடமாடக் காணலாம். ஆனால் புலவர் பெருமக்கள் என்ன செய்தார்கள்? 'அளவுகோல் பிடிப்பது கைவினைஞன் வேலை. கலைஞன் வேலை அன்று' என்று அக்கலையைக் கீழ்ப்படியில் அமர்த்தினர். 1555 முதல் 1636 வரை வாழ்ந்த தோங் சிச்சாங், ஓவியர்களைத் தெற்கு மரபு என்றும் வடக்கு மரபு என்றும் இரு கூறாக்கி, புலவர் வழியை மேலேற்றி, தொழில்முறை ஓவியர் வழியைக் கீழிறக்கினார். புலவர் ஓவியத்தில் வீடு என்பது மலையடியில் ஒரு புள்ளி, உள்ளே ஒரு புலவர், அவ்வளவுதான். அந்தக் குடிலுக்கு ஓடு வேய்ந்தவன் படத்தில் இல்லை!

பின்னர் மேலை நாட்டு எண்ணெய் ஓவியம் வந்தது. 1715 இல் சீனம் வந்த இத்தாலியத் துறவி கஸ்டிலியோனே, அரசவை ஓவியராகி, தொலைவுக் கணக்கும் நிழல் வெளிச்சமும் கலந்து தீட்டினார். அதே அரசவையைச் சார்ந்த புலவர் சோவ் யிகுய் அவ்வகை ஓவியத்தைப் பார்த்தார், வியந்தார். சுவரில் வரைந்த மாளிகைக்குள் மனிதர் நடந்து புகுந்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் என்ன தீர்ப்பு வழங்கினார் தெரியுமா? இதில் தூரிகை நெறி இல்லை. இது வெறும் கைவினை. ஓவியத்தின் வரிசையில் வைக்கத் தக்கதன்று!

திறமை இருக்கிறது, ஆனால் குலம் சரியில்லை! எங்கேயோ கேட்ட குரல் போல் இல்லையா, தோழர்களே?

★

இந்த மதிலில் உடைப்பு ஏற்படுத்தியவர்களுள் முதன்மையானவர் வூ குவான்ஜோங். 1919 இல் ஜியாங்சு மாநிலத்தின் யீசிங் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தந்தை ஊர்ப் பள்ளி ஆசிரியர், உழவும் உண்டு. மின்பொறியியல் படிக்கச் சென்ற இளைஞர், ஹாங்சோ நகரின் கலைக் கல்லூரியைக் கண்டு மனம் மாறி 1936 இல் ஓவிய மாணவர் ஆனார். மேலைக் கலையும் கீழைக் கலையும் கைகோக்க வேண்டும் என்று கூறிய லின் ஃபெங்மியன் அதன் தலைவர். 1947 இல் அரசு உதவியுடன் பாரிசு சென்று எண்ணெய் ஓவியம் பயின்றார்; 1950 இல் தாயகம் திரும்பினார்.

திரும்பியவருக்கு மாலையா காத்திருந்தது? 'வடிவத்தையே வழிபடுபவன்' என்ற வசைதான் காத்திருந்தது. பெய்சிங்கின் தலைமைக் கலைக் கல்லூரியிலிருந்து விலகி, சிங்குவா பல்கலைக் கழகத்தின் கட்டடக் கலைத் துறைக்கு வரைதல் ஆசிரியராகச் சென்றார். மனித உருவத்தைத் தீட்டினால் கட்சியாரின் கட்டளைப்படி தீட்ட வேண்டும். சுவரையும் மரத்தையும் தீட்டினால் கேட்பாரில்லை. ஆகவே இயற்கைக் காட்சியிலும் கட்டடத்திலும் அவர் தூரிகை தஞ்சம் புகுந்தது. 1966 இல் பண்பாட்டுப் புரட்சி என்னும் புயல் வீசியபோது தம் ஓவியங்கள் பலவற்றைத் தம் கையாலேயே அழித்தார். 1970 இல் ஹெபெய் சிற்றூர் ஒன்றுக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார். பின்னர் ஓய்வு நாளில் மட்டும் ஓவியம் தீட்ட இசைவு கிடைத்தது. துணி இல்லை, ஊர்க் கடையில் விற்ற சிறு கரும்பலகை வாங்கினார். நிறுத்தச் சட்டம் இல்லை. சாணக் கூடையின் உயர்ந்த கைப்பிடியில் பலகையைச் சாய்த்தார். சாணக்கூடை ஓவியர் என்று கேலி பேசினர். பாரிசில் பயின்ற எண்ணெய் ஓவியமும், புலவர் போற்றிய மைத் தூரிகையும், உழவனின் சாணக் கூடையும் ஓரிடத்தில் கூடிய காட்சியை எண்ணிப் பாருங்கள்!

★

இரு மரபுகளையும் அவர் எப்படிக் கலந்தார்? 'கலந்தார்' என்று சொல்லிவிடுவது எளிது. பாலும் நீரும் கலப்பதுபோல் அன்று அது. எண்ணெயும் தண்ணீரும் கலக்க முற்பட்ட கதை!

மை, தாளைத் தொட்டதும் ஊறிவிடும்; அழிக்க இயலாது; ஒரே வீச்சில் முடிவு. எண்ணெய் வண்ணமோ மெல்லக் காயும். சுரண்டலாம், மேற்பூசலாம், எண்ணி எண்ணித் திருத்தலாம். மையில் நீண்ட கோடு நீரோடைபோல் ஓடும். எண்ணெயில் அதே கோடு பசையில் கால் வைத்தவன்போல் தடுமாறும். மை ஓவியத்தில் வெண்மை என்பது தீண்டாது விட்ட தாள். எண்ணெய் ஓவியத்தில் வெண்மையையும் கட்டியெழுப்ப வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக அவருக்குக் கிடைத்தவைதாம் ஜியாங்நான் வட்டாரத்து வீடுகள். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே, வாய்க்கால்களின் கரையில், சுண்ணாம்பு பூசிய வெண்சுவரும் கருநிற ஓடும் கொண்டு நிற்கும் குடியிருப்புகள். வெண்சுவர் தாளின் வெறுமை, கருப்பு ஓடு மைக் கோடு, வாயில்கள் கருஞ்சதுரங்கள். புலவர் மரபின் கருமையும் வெண்மையும் ஏட்டில் இல்லை, எளியோர் வீட்டுச் சுவரிலேயே இருக்கின்றன என்று கண்டுகொண்டார்! அதனை எண்ணெயில் தீட்டும்போது, வெண்மையைத் தட்டையாக விடாமல், சாம்பலும் நீலமும் ஊடுருவ அடர்த்தியாகப் பூசினார். சுவருக்கு எடை வந்தது. மழை நனைத்த ஈரம் வந்தது. மேலைநாட்டார்போல் ஓரிடத்தில் கால் ஊன்றி ஒற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. இங்கே ஒரு பாலம், அங்கே ஒரு கூரை, அப்பால் ஒரு மரம் என்று நிறுத்தச் சட்டத்தை இடம் மாற்றி மாற்றி வைத்து, சீனச் சுருளோவியம்போல் நடந்து நடந்து கண்டவற்றை ஒரே துணியில் கோத்தார். 1970களின் இடையில் மையையும் கையிலெடுத்தார். எண்ணெய் தரைவழி, மை நீர்வழி. ஒன்றில் வழி அடைபட்டால் மற்றொன்றில் சென்றார்.

1981 இல் மையில் தீட்டிய 'இரு தகைவிலான்கள்' என்னும் ஓவியத்தைப் பாருங்கள். ஹாங்காங் கலைக்கூடத்தில் உள்ளது அது. படத்தின் பெரும்பகுதி ஒரே வெண்சுவர். மேலே கருங்கோடாகக் கூரை. செங்குத்தாக இருண்ட வாயில். ஒரு மரம். ஓரத்தில், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும், பறந்து செல்லும் இரு சிறு பறவைகள். டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் நேர்கோட்டுச் சட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மோண்ட்ரியானிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. யாரோ வீட்டைவிட்டுப் போகிறார்கள் என்ற ஏக்கம் அது. பிழைப்புத் தேடிப் பிறந்த ஊரை விட்டுத் திருப்பூருக்கு வந்தோர் எவரும் அப்பறவைகளை இனம் கண்டுகொள்வர்.

1992 இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'தூரிகையும் மையும் சுழியம்' என்பது. சுழியம்! ஆயிரம் ஆண்டுகளாகப் புலவர்கள் பூசித்த தூரிகை நெறிக்கு அவர் இட்ட மதிப்பெண் அது. ஓவியத்தின் உணர்விலிருந்து பிரித்தெடுத்துத் தனியே போற்றப்படும் தூரிகைத் திறத்துக்கு மதிப்பு ஏதுமில்லை. உணர்ச்சிதான் தனக்கேற்ற கோட்டைப் பிறப்பிக்க வேண்டும் என்பது அவர் வாதம். பழமைப் பற்றாளர் கொதித்தெழுந்தனர். ஓவியர் ஜாங் திங், சீன ஓவியத்தின் அடித்தளத்தைக் காக்க வேண்டும் என்று மறுப்பு எழுதினார். மறுப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கருவியைப் பழகாதவன் உணர்ச்சியை எதனால் உரைப்பான்? யாப்பு அறிந்து மீறுவது வேறு. அறியாமல் பிதற்றுவது வேறு. ஆனால் மரபை வினவவே கூடாது என்ற குரல் எழும்போது, நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

★

போற்றுவதோடு நிறுத்தினால் அது திறனாய்வு ஆகாது, துதிப்பாடல் ஆகிவிடும். ஆகவே குறையையும் கூறுவோம்.

அந்த வெண்சுவர்களுக்குப் பின்னே யார் இருக்கிறார்கள்? வாயில்கள் கருமையாக இருக்கின்றன. உள்ளே அடுப்பு எரிகிறதா? வாய்க்கால் ஓடுகிறது, துணி துவைக்கும் பெண் எங்கே? உயர்ந்த மதில்களுள் சில செல்வ வணிகர் எழுப்பியவை; தாழ்ந்த கூரைகள் ஏழையர் வேய்ந்தவை. வூ குவான்ஜோங்கின் ஓவியத்தில் இரண்டும் ஒரே கருப்பு வெள்ளை இசையாக உருகிவிடுகின்றன. மனிதர் பல படங்களில் புள்ளிகளே. புலவர் மரபை எதிர்த்தவர்தாம். ஆயினும் புலவரின் ஆளில்லா அமைதி அவர் தூரிகையின் நுனியில் தங்கிவிட்டது. 1997 இல் எண்ணெயில் அவர் தீட்டிய சோவ்சுவாங் நீரூர் ஓவியம், 2016 இல் ஹாங்காங் ஏலத்தில் 23 கோடியே 60 லட்சம் ஹாங்காங் டாலருக்கு விலை போயிற்று. எளியோர் வீட்டுச் சுவர் செல்வர் வீட்டுச் சுவரை அணி செய்யப் போன விந்தையைக் காணீர்!

இதற்கு அவரே விடையும் வைத்திருந்தார் என்பது உண்மை. ஓவியம் பட்டம்போல் எவ்வளவு உயரமும் பறக்கலாம். ஆனால் மக்களின் உணர்வோடு பிணைத்த நூல் அறுந்துவிடக் கூடாது என்பது அவர் கோட்பாடு. கொள்கையை வாயளவில் விடவுமில்லை. மனம் நிறைவுறாத தம் ஓவியங்கள் இருநூறுக்கு மேற்பட்டவற்றை 1991 இல் தாமே அழித்தார். 2008 இல் 113 ஓவியங்களைச் சிங்கப்பூர்க் கலைக்கூடத்துக்குக் கொடையாக அளித்தார். அந்நாட்டுத் தமிழரும் சென்று காணலாம். 2010 இல் மறையும் வரை, ஓவியர் பலர் கூடினும் எழுத்தாளர் லூ சுன் ஒருவருக்கு ஈடாகார் என்று கூறிக் கொண்டிருந்தார். ஓவியத்தினும் சமுதாயத்தை உலுக்கிய எழுத்தே பெரிது என்று ஓர் ஓவியரே சொல்வதானால், அந்த நெஞ்சின் நேர்மைக்குத் தலை வணங்குகிறோம்.

★

அதே 1919 ஆம் ஆண்டில், நம் கொங்கு நாட்டின் நாமக்கல்லில் பிறந்தவர் ஓவியர் சில்பி. சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சவுத்ரியிடம் பயின்றவர். அந்த ராய் சவுத்ரியோ, அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். அவனீந்திரர் கையாண்ட நீர்த்த வண்ணப் பூச்சு முறை, 1903 இல் கல்கத்தா வந்த சப்பானிய ஓவியர்கள் தைக்கான், சுன்சோ ஆகியோரின் தொடர்பால் உருப்பெற்றது. கீழை ஆசியாவின் தூரிகையும் மேலை நாட்டு உருவப் பயிற்சியும் 1929 முதல் சென்னையில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன என்பதை நினைவிற் கொள்க. அந்த ராய் சவுத்ரியின் கையே பின்னர் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்தது.

சில்பி, கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் முன் அமர்ந்து, ஆனந்த விகடனுக்காகத் 'தென்னாட்டுச் செல்வங்க'ளை வரைந்தார். கல்லின் குளிர்ச்சியைக் கோட்டில் காட்டிய கை அது. கோயில் என்பதற்காக அந்தத் திறனைக் குறைத்துப் பேசுவது பகுத்தறிவு ஆகாது. ஒன்றை மறவாதீர்: சென்னை மாநிலத்தில் எல்லார்க்கும் கோயிற் கதவு சட்டப்படி திறந்தது 1947 இல்தான். தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவன், முடிதிருத்தும் நிலையத்தில் கிடந்த வார ஏட்டில், உள்ளே இருந்ததைக் கண்டான்! தூரிகை செய்த அத்தொண்டினை நாம் மதிக்கிறோம்.

நம் குறை சில்பியிடம் இல்லை. சில்பிக்குப் பின் வந்த தேக்கத்திடம். பழைய கட்டடம் என்றால் கோயில். கோயில் என்றால் வழிபாடு. வழிபாடு என்றால் வினாவுக்கு இடமில்லை! 1792 இல் தென்னாட்டுக்கு வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் கோபுரங்களைத் தீட்டிச் சென்ற நாள் முதல், நாட்காட்டிப் படம் வரை அதே காட்சி. 1010 இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரைக் கல்வெட்டு காட்டுகிறது, நன்று. கல் சுமந்தவன் பெயர்? சாரம் கட்டியவன் வீடு? திருப்பூருக்கு அருகே திருமுருகன்பூண்டியில் சாலையோரக் கொட்டகைகளில் இன்றும் உளியோசை கேட்கிறது. சிலை கருவறைக்குள் போகும். செதுக்கியவன் கொட்டகையில் இருப்பான். அந்தக் கொட்டகையும் ஒரு மரபுக் கட்டடம் அன்றோ? அதைத் தீட்டியவர் யார்?

கும்பகோணம் அருகே பிறந்து 2021 இல் கொரோனாவுக்குப் பலியான இளையராஜா என்னும் ஓவியர், எண்ணெய் வண்ணத்தில் கருநிறப் பெண்களை, அவர்கள் வாழும் இல்லத்தின் ஒளியிலேயே தீட்டினார். கருமை இழிவன்று என்று வண்ணத்தால் வாதாடிய கை அது. இளம் வயதிலேயே ஓய்ந்தது. வூ குவான்ஜோங்கின் வெறுமையில் நாம் தேடிய மனிதர், இங்கே முழு உருவில் நிற்கின்றனர். அங்கே சுவர் பேசுகிறது, மனிதர் மறைகின்றனர். இங்கே மனிதர் பேசுகின்றனர், சுவர் பின்னணி ஆகிறது. இரண்டும் கூடிய ஓவியம் இனித்தான் பிறக்க வேண்டும்.

★

மறு வாரம் வகுப்புக்கு அந்த 'இரு தகைவிலான்கள்' படத்தின் அச்சுப் பதிவை எடுத்துச் சென்றோம். ஓவியர் பெயரைச் சொல்லவில்லை, பெருமையையும் பேசவில்லை. "இது என்ன?" என்று மட்டும் கேட்டோம். "செவுருங்க சார்" என்றனர் பிள்ளைகள். "வேறு?" "கதவு." "வேறு?" ஒருவன் எழுந்து, "எங்க லைன் ஊடு மாதிரியே இருக்குதுங்க" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் வெற்றுத் தாள் கொடுத்தவள் சிரிக்கவில்லை. படத்தை உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

அன்று அவள் வரைந்ததை இன்றும் வைத்திருக்கிறோம். நீண்ட சுவர். அதில் கரிக்கோலால் அடர்த்தியாக நிரப்பிய பன்னிரண்டு கதவுகள். மேலே ஓட்டுச் சரிவு, ஒரே கோடு. பறவை இல்லை. அதன் இடத்தில் குழாயடியில் வரிசையாகக் குடங்கள். ஒவ்வொரு குடத்துக்கும் அருகே ஒரு பெண். கடைசிப் பெண்ணின் தோளில் பனியன் துணி மூட்டை. "இது யாரம்மா?" என்றோம். "அம்மாங்க சார். கம்பெனி உட்டு வந்து நேரா தண்ணிக்கு நிக்குது" என்றாள்.

சீனத்துப் பேரோவியர் விட்டுச் சென்ற வெறுமையை, திருப்பூரின் சிறுமி ஒருத்தி நிரப்பிவிட்டாள்! அவள் கை பழகவில்லை, கோடு வளைந்திருக்கிறது, குடம் பெண்ணைவிடப் பெரிதாக இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. கையைப் பழக்கலாம், அதற்குத்தான் பள்ளி. ஆனால் தன் வீடு தாளில் ஏறத்தக்கது என்ற எண்ணத்தை இழந்த நெஞ்சை மீட்பது அதனினும் அரிது.

இளைஞர்களே! சீனத்து மையும் நமதாகுக. மேலை நாட்டு எண்ணெயும் நமதாகுக. எங்கிருந்து வந்தாலும் அறிவு அறிவே. அதற்குக் குலம் கேட்பது கூடாது. ஆனால் எதைத் தீட்டுவது என்பதை நம் கண்ணும் நம் தெருவும் முடிவு செய்யட்டும். நூல் நூற்று, நூல் பின்னி, உலகுக்கு உடுத்தும் ஊர் இது. பட்டம் எவ்வளவு உயரம் பறந்தாலும், நூல் அறுபடாமல் காக்கும் கலையை நமக்கா சொல்லித் தர வேண்டும்?